ரைஸ்மில் களத்தில் இத்தாலியக் கத்தி

போன வாரம் திரைச்சீலைக்குத் துணி எடுக்கலாம் என்று ஒரு கடைக்குப் போயிருந்தேன். பூப்போட்டது, கோடு போட்டது என்று எடுத்துப் போட்டுக்கொண்டே வந்த கடைக்காரர், எதற்கும் என் முகம் மலரவில்லை என்று கண்டு, கடைசியில் அடித்தட்டிலிருந்து ஒரு காடாத்துணிக் கட்டை இழுத்து மேஜைமேல் உதறினார். கஞ்சி வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. வெளுக்காத பருத்திக்கே உரிய, லேசாகத் தவிட்டை ஞாபகப்படுத்துகிற வாசனை. "இது உள்துணிக்குத்தாம்மா ஆவும், மேலுக்கு நல்லாருக்காது" என்றார். நான் துணியை முகத்தருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றதைப் பார்த்து, பாவம், ஒரு அடி பின்வாங்கினார்.

அவரிடம் விளக்கிச் சொல்லியிருக்க முடியாது. உங்களிடம் சொல்லலாம். எனக்கு அது ஒரு சட்டையின் வாசனை. கழுத்துவரை மூடி, உள்ளே பஞ்சு வைத்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டிய சட்டை. உத்திரமேரூர் வெயிலில் புத்தியுள்ள எவரும் போடமாட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு, தலையில் கம்பிவலை முகமூடியை மாட்டிக்கொண்டு, நான் கொஞ்ச காலம் எங்கள் ஊரில் இத்தாலிய நீளக்கத்திச் சண்டை சொல்லிக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். சரி, சிரித்துவிட்டே படியுங்கள்.

அப்போது நான் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட்டுக்கு உறை போடுவது, சோப்புக்கு உறை போடுவது. அந்த இயந்திரங்களின் பிறந்த வீடு இத்தாலி என்பதால் பயிற்சிக்காக என்னை அங்கே அனுப்பினார்கள். வெளிநாடு என்றதும் ஊரில் எல்லாருக்கும் பெருமை. எனக்கு அங்கே போய்க் கிடைத்தது குளிரும், பேச ஆளில்லாத சாயங்காலங்களும்தான். நான் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரில் ஒரு மாதா கோயில், அதை ஒட்டி ஒரு கூடம். சில நாட்களில் அங்கிருந்து கட்டையோடு கட்டை மோதுகிற சத்தம் வரும். எங்கள் பக்கம் அப்படிச் சத்தம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வோம். அங்கே தைரியமாகப் போய் எட்டிப் பார்த்தேன்.

அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் இரண்டு கையாலும் பிடித்து வீசிய கத்தி. பழைய ஏடுகளில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, கால் எங்கே, கை எங்கே என்று யோசித்து, அந்த வித்தையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள் கொஞ்சம் பேர். சொல்லிக் கொடுத்தவர் பேக்கரி வைத்திருந்தார். மாவு பிசைந்து பிசைந்து முன்கை இரண்டும் உரல்போல இருக்கும். என்னையும் ஒரு மூலையில் நிற்க வைத்தார். முதல் நாள் அவர் சொன்னது: "என் கத்தியை அடிக்காதே. என்னை அடி."

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. சினிமாவில் பார்த்தபடி கத்தியோடு கத்தியை மோதுவோம். மனுஷரை அடிக்க நமக்குக் கூச்சம். அவர் சொல்லித் தந்த இன்னொன்று, நடுவர் கிடையாது என்பது. அடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அடி பட்டவர்தான் நின்று, "பட்டது" என்று சொல்ல வேண்டும். அங்கே இருந்தவரைக்கும் அந்த வார்த்தையை நான் சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசி வரிசையில் கடைசி ஆள் நான்.

திரும்பி வந்த கொஞ்ச நாளில் கொரோனா வந்தது. ஆபீஸ் மூடி, வேலை வீட்டுக்கு வந்தது, நானும் வீட்டுக்கு வந்தேன். உத்திரமேரூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், கட்டில் கால் கடைகிற ஆசாரியிடம் சொல்லிச் செய்துவாங்கிய பூவரசங்கட்டைக் கத்தியோடு காலையில் தனியாக வீசிக்கொண்டிருப்பேன். "கல்யாணத்துக்குப் பாத்துக்கினு கீற பொண்ணு" என்று அம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் பழைய புடவைகளை வரிசையாகக் காயப்போட்டு என்னை மறைத்து வைத்தார். அதையும் மீறிப் பார்த்தவர் ஏகாம்பரம் மாமா.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அப்பாவின் சிநேகிதர், எங்கள் தெருவின் கடைசி வீடு. திருப்புலிவனம் போகிற வழியில் ரைஸ்மில், அதைச் சுற்றிக் கழனி, உரக்கடை. ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, அந்த உடம்பு நிறைய சர்க்கரை. தினம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடப்பது அவருக்குப் பிடிக்காது.

"இன்னா பாப்பா, மாடியில தெனம் எதையோ சுத்திக்கினு கீறியே. கொசு அடிக்கறியா?"

விளக்கினேன். கட்டையை வாங்கிப் பார்த்தார். மண்வெட்டி பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தார். வலது கை மேலே, இடது கை பிடியின் அடியில், இறுக்காமல், ஈரத்துணி பிழிகிற மாதிரி என்று திருத்தினேன். ஒரு வீச்சு வீசினார். அம்மாவின் புடவை ஒன்று கிழிந்தது.

"நம்ம களம் சும்மாதான் கீது. ஞாயித்துக்கெழம அங்க வெச்சிக்கலாமா?" என்றார். கடைசி வரிசைக்காரி இப்படித்தான் மாஸ்டர் ஆனேன்.

முகமூடிகளைச் சென்னையில் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிவிடலாம். சட்டைதான் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் மிஷின் போட்டிருந்த ஸ்டெல்லாவிடம் போனேன். சாலவாக்கம் போகிற ரோட்டில் ஒரு ஊர் அவளுக்கு. என் வயசுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். போனில் நான் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மெத்தைக்குக் கை வெச்ச மாதிரி கீதுக்கா. ஆவட்டும், தெச்சிரலாம்."

காடாத்துணி இரண்டு மடிப்பு, நடுவில் பஞ்சு. தைத்து முடித்ததும் அக்குள் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, அவளையே போட்டுக்கொண்டு கத்தியைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள், இறக்கினாள். இன்னொரு தடவை தூக்கினாள். "இது எங்க கத்துத் தராங்க?" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சார்லஸின் பைக்கில் வந்து இறங்கினாள். சார்லஸ் வயரிங் வேலை பார்ப்பவன். அக்காவை விட்டுவிட்டுப் போக வந்தவனும் அப்படியே நின்றுவிட்டான்.

அந்தக் களம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நெல் காயவைத்து வழுவழுவென்று ஆன சிமெண்டுத் தரை, ஓரத்தில் உமிக் குவியல், அவித்த நெல்லின் புளித்த நெடி. அதில் நின்று நான் இத்தாலியச் சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்வேன். நிற்கிற நிலைக்கு அவர்கள் மொழியில் போஸ்தா என்று பெயர். "போஸ்டாபீஸாக்கா?" என்பான் சார்லஸ். கத்தியைத் தோளுக்குப் பின்னால் ஏந்தி நிற்பது பெண் நிலை. முகத்துக்குப் பக்கத்தில் படுக்கையாகப் பிடிப்பது ஜன்னல் நிலை. தாழ்த்திப் பிடித்து, கீழிருந்து மேலே கிழிக்கத் தயாராக நிற்பதற்குக் காட்டுப்பன்றிப் பல் என்று பெயர். இதைச் சொன்னதும் மாமாவுக்கு ஒரே மகிழ்ச்சி. கழனியில் பன்றி தொல்லை அவருக்கு. "பன்னி அப்பிடித்தான் பாப்பா வரும். கீயேர்ந்து மேல. அந்தக் காலத்து ஆளுங்க பாத்து வெச்சிக்கீறாங்க."

இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் இந்த வித்தையில் பாதி. அதற்கு அவர்கள் சொல்லும் சொல்லுக்கு அளவு என்று அர்த்தம். ஒரு அடி எடுத்து வைத்தால் எட்ட வேண்டும், வைக்காவிட்டால் எட்டக் கூடாது. அளவு என்றதும் ஸ்டெல்லா, "அப்ப டேப் வோணாம், கண்ணே போதும்" என்றாள். அவளுக்கு அது சீக்கிரம் வந்தது. அடிக்கிறதுதான் வரவில்லை. அதுவும் மாமாவோடு ஜோடி போட்டால் மட்டும்.

என்னை அடிப்பாள். தம்பியை வெளுப்பாள். மாமா எதிரில் நின்றால், அவர் தலையைத் திறந்து வைத்துக் காத்திருந்தாலும், அவளுடைய கத்தி போய் அவர் கத்தியில்தான் மோதும். "ஸ்டெல்லா, கத்திய இல்ல, அவர அடி" என்பேன். "அடிச்சிக்கினுதாங்க்கா கீறேன்" என்பாள். ஒருநாள் குழாயடியில் முகம் கழுவும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்கம்மா அவங்க கயனியிலதாங்க்கா நாத்து நட்டாங்க. இப்பவும் போவாங்க. கை வரமாட்டேங்குது."

அதற்கப்புறம்தான் நான் மற்றதையும் கவனித்தேன். ஸ்டெல்லா அவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதே இல்லை. அவளுடைய அம்மா அவரை 'ஆண்ட' என்பார், எஜமான் என்று அர்த்தம். அந்தச் சொல் அவள் வாயில் வராது. வேறு சொல்லும் வராது. கூப்பிடாமலேயே பேசி முடிக்கிற மாதிரி வாக்கியத்தைக் கட்டிக்கொள்வாள். மாமாவோ, என்னோடு நிற்கும்போது சரியான அளவில் நிற்பவர், அவளோடு என்றால் ஒரு அடி தள்ளியே நிற்பார். அவருக்கே தெரியாமல்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். நல்ல மனுஷர். ஆனால் கால் தன்பாட்டுக்குப் பின்னால் போகும்.

அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரக் குழந்தைக்குக் காது குத்துக்கென்று மாமா வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். நாஷ்டா முடித்துவிட்டு எல்லாரும் களத்துக்கு வந்து பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தார்கள். மாமாவின் மைத்துனர், மனைவியின் தம்பி, நடுவில். மாமாவுக்கு வித்தையைக் காட்ட ஆசை. முகமூடியை மாட்டிக்கொண்டு, தோளுக்குப் பின்னால் கத்தியை ஏந்தி நின்றார். அந்த உடம்புக்கு, சொல்லக் கூடாது, ரொம்ப அழகாக நின்றார். எதிரில் ஸ்டெல்லா, கத்தியைத் தாழ்த்தி.

அவள் கத்தி வந்து மோதும் என்று வழக்கம்போல நம்பி, மாமா ஓங்கி இறக்கினார். அன்றைக்கு அவள் கத்தி அங்கே இல்லை. காலை மாற்றிக் குறுக்கே வைத்து விலகியிருந்தாள். அவர் வீச்சு காற்றில் போனது. அவளுடைய கட்டை மேலே எழும்பி, திரும்பி, நேராக அவர் முகமூடியின் உச்சியில் 'டொக்' என்று இறங்கியது. பலமான அடி இல்லை. சுத்தமான அடி. நான் பார்த்ததிலேயே நல்ல அடி.

மாமா சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. நான் காத்திருந்தேன், ஸ்டெல்லாவும் கத்தியை இறக்கிக் காத்திருந்தாள். முகமூடிக்குள் அவர் முகம் தெரியவில்லை. முகமூடி மெதுவாகச் சேர்கள் இருந்த பக்கம் திரும்பியது. பிறகு அதைக் கழற்றி உமிக் குவியல்மேல் வைத்துவிட்டு, "மாத்திர போடற நேரமாச்சி" என்று சொல்லி மில்லுக்குள் போய்விட்டார்.

"வெளையாட்டுன்னா யார் கூட ஆடறதுன்னு இல்லையா?" என்றார் மைத்துனர், யாரையும் பார்க்காமல்.

ஸ்டெல்லா சட்டையைக் கழற்றினாள். கடையில் தைத்த துணியை மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து என்னிடம் தந்தாள். சார்லஸ் பைக்கைக் கிளப்பினான்.

அடுத்த வாரம் களத்தின் கேட்டுக்குப் பூட்டு. மாமாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. தெருவில் எதிரில் வந்தால் உரக்கடைக் கணக்குப்பிள்ளையோடு அவசரப் பேச்சில் இறங்கிவிடுவார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. காலையில் நடக்க ஆரம்பித்திருந்தார். டாக்டர் சொன்னபடி, தலையைக் குனிந்துகொண்டு.

ஸ்டெல்லாவும் வரவில்லை. நானும் கடைப் பக்கம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் அவளே எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னதும் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு எனக்குக் கை வந்துச்சிக்கா. அது போவக்கூடாது. எங்க ஊர்ல மாதா கோயில் பின்னால எடம் கீது. ஃபாதர் கிட்ட கேட்டுட்டேன்."

அப்படி வகுப்பு அவள் ஊருக்குப் போனது. இரண்டு பனைமரம், முள் வேலி, கிரிக்கெட் ஆடித் தேய்ந்த தரை. அங்கே கூட்டம் சேர்ந்தது. சார்லஸின் சிநேகிதர்கள், ஒரு நர்ஸ், காலேஜ் பெண்கள் இரண்டு பேர். ஸ்டெல்லாவே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள், என்னைவிட நன்றாக. "கத்திய அடிக்காதடா, கத்தி உன்ன இன்னா பண்ணிச்சி?" என்று அதட்டுவாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சார்லஸ் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவரைக்கும். அது யார் யார் கைக்கோ போய், கடைசியில் போலீசுக்குப் போனது. மரக்கத்தி வீடியோவில் நிஜக்கத்தி மாதிரிதான் இருக்கும். ஒரு காலை, வகுப்பு நடக்கும்போதே ஜீப் வந்தது. கத்திகளை அள்ளிக்கொண்டு, ஸ்டெல்லாவையும் சார்லஸையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். என்னைச் சொல்லவில்லை. நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். போகும் வழியில் நிறுத்தி அப்பாவுக்கு மட்டும் போன் செய்தேன்.

எஸ்.ஐ. நடுவயசுக்காரர், அதிர்ந்து பேசாதவர். மேஜையில் எங்கள் பூவரசங்கட்டைகள். சுவரோரம் நிஜமான பட்டாக்கத்தி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. முந்தின நாள் யாரோ அதை வைத்துப் பிறந்தநாள் கேக் வெட்டிப் பிடிபட்டிருந்தார்களாம். என்னைப் பார்த்து எந்தத் தெரு, யார் பெண் என்று கேட்டார். சொன்னேன்.

"நீங்க கெளம்புங்கம்மா. இவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும்."

"நான்தான் சார் சொல்லிக் குடுக்கறேன்."

"தெரியுதும்மா. நீங்க கெளம்புங்க."

நான் கிளம்பவில்லை. பெரிய வீரம் ஒன்றும் இல்லை. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஸ்டெல்லாதான் நின்றபடி கேட்டாள்.

"புகார்ல இன்னா சார் எழுதிக்கீது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க ஊர் ஆளுங்க ஒண்ணு சேந்து ஆயுதப் பயிற்சி எடுக்கறாங்கன்னு."

ஸ்டெல்லா மேஜையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தாள். ஏட்டு சட்டென்று எழுந்தார். அவள் பிடியை எஸ்.ஐ. பக்கம் திருப்பி நீட்டினாள். "புடிச்சிப் பாருங்க சார். பூவரசங்கட்ட. மொனையில துணி சுத்தி நானே தெச்சிக்கீறேன். சட்டையும் நான் தெச்சதுதான். எங்களுக்குள்ளயேதான் அடிச்சிக்கறோம் சார், அதுவும் வலிக்காம. இதே கட்டையோட ரைஸ்மில் களத்துல நின்னோம், அப்ப யாரும் புகார் குடுக்கல. எங்க ஊருக்கு வந்தா ஆயுதமா?"

சொல்லி முடிக்கிறவரைக்கும் நீட்டிய கையை மடக்கவில்லை. சார்லஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கு என்று ஒன்று விழுந்தால் அவனுடைய பாஸ்போர்ட் அவ்வளவுதான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருந்தான்.

அப்போது வாசலில் மொபெட் நிற்கிற சத்தம். ஏகாம்பரம் மாமா. அப்பா சொல்லியிருக்க வேண்டும், மூச்சு வாங்க உள்ளே வந்தார். எஸ்.ஐ. எழுந்து நாற்காலி காட்டினார். மாமா உட்காரவில்லை.

"சார், நானுந்தான் இத கத்துக்கினேன். என் களத்துலதான் ஆரம்பிச்சோம். புகார் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும், அத வூட்ல பேசிக்கறேன். இதுல ஆயுதம் இன்னா கீது? இந்தம்மா என் மண்டையிலயே அடிச்சிது. எல்லாரும் பாக்க." ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "பட்டுச்சி."

எஸ்.ஐ.க்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. மாமாவின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் நின்றார்.

எழுதி வாங்கிக்கொண்டு, "இனிமே ஸ்டேட்டஸ் கிஸ்டேட்டஸ் போடாதீங்க" என்று கட்டைகளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். வெளியே புளியமரத்தடியில் நின்றோம். சார்லஸ் கட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டினான். கடைசியில் ஸ்டெல்லா சொன்னாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இங்க வந்தே இருக்க வேணாம் சார்."

அவள் அவரை ஏதோ ஒரு சொல் வைத்துக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமாம்மா" என்றார் மாமா. மொபெட்டைக் கிளப்ப ரொம்ப நேரம் உதைத்தார். சார்லஸ் போய் உதைத்துக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் பின்னால் வந்து இறங்கினார். அந்த ஊருக்குள் அதுவரைக்கும் அவர் டிராக்டர்மேல் உட்கார்ந்தபடிதான் வந்திருக்கிறார், அதுவும் ஆள் கூப்பிட. தரையில் கால் வைத்து நின்றது அன்றைக்குத்தான். வீட்டு வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். ஸ்டெல்லாவின் அம்மா பதறிப்போய் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"உக்காருங்க ஆண்ட."

"உக்கார வரலம்மா. உன் பொண்ணுகிட்ட அடி வாங்க வந்தேன்."

அந்த அம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, நாற்காலியில் கை வைத்தபடியே நின்றார். மாமா சட்டையைப் போட்டுக்கொண்டார், முகமூடி மாட்டிக்கொண்டார். ஸ்டெல்லாவுக்கு எதிரில் நின்றார். அவர் கால் பின்னால் போகப் பார்த்ததை நான் கண்டேன். அவரும் கண்டார் என்று நினைக்கிறேன். குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு, அதை முன்னால் எடுத்து வைத்தார். சரியான அளவு.

ஸ்டெல்லா தயவு காட்டவில்லை. மாமா நிறையச் சொன்னார் அந்த வார்த்தையை. ஒரே ஒரு தடவை அவருடைய கட்டை அவள் தோளில் பட்டது. "பட்டுச்சி சார்" என்றாள். அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொல்லும்போது அவர் முகம் அப்படி இருந்திருக்கிறது.

வீட்டில் மைத்துனர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாமாவின் பெயர் விட்டுப்போனது. "பேஜார் வுட்டுது" என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார் அவர். மழை பெய்தாலும் வந்து, கோயில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஸ்டெல்லாவின் அம்மாவோடு நாற்றங்கால் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

இதெல்லாம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆபீஸ் திறந்தது, நான் சென்னைக்கு வந்தேன், கல்யாணம் ஆனது. ஸ்டெல்லா கொஞ்ச காலம் தனியாகவே வகுப்பை நடத்தினாள். பிறகு செங்கல்பட்டில் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டாள். சார்லஸ் துபாயில் இருக்கிறான். மாமாவுக்குக் காலில் வந்த புண் ஆறவே இல்லை. காலை எடுத்தார்கள், அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை. சாவுக்கு ஸ்டெல்லா வந்தாள். பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே கூப்பிட மாமாவின் மனைவிதான் எழுந்து வந்தார்.

ரைஸ்மில் இப்போது ஓடுவதில்லை. களத்தில் செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். மாதா கோயில் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள். அந்த ஊருக்கு ரொம்ப நாளாகத் தேவைப்பட்ட தொட்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது ஸ்டெல்லாவின் அம்மாவைப் பார்க்கப் போனேன். மகளோடு போய் இருக்கப் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். இப்போது நடவு வேலைக்கும் போவதில்லை, முட்டி வலி. பேச்சு எங்கெங்கோ போய் மாமாவிடம் வந்தது.

"அவரு போனப்பறம் அந்தப் பக்கத்துலேர்ந்து இங்க யாரும் வரலம்மா. ஓட்டு கேக்க வரவங்ககூட தெரு முக்கோட நின்னுக்கினு கும்புடறாங்க. நீதான் இன்னிக்கு வந்துக்கீறே."

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம்தான். அன்றைக்கு மாமாவுக்கு மாத்திரைக்கு நேரமான மாதிரி, எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.